விண்வெளி நிலையத்தில் ஈர்ப்பு இருக்கிறது, தரைதான் இல்லை

சர்வதேச விண்வெளி நிலையத்துக்குள் வீரர்கள் மிதந்துகொண்டே பேசுவதையும், தண்ணீர் உருண்டையாக அந்தரத்தில் நிற்பதையும் வீடியோக்களில் பார்த்திருப்பீர்கள். ஏன் மிதக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள், அவ்வளவு உயரத்தில் ஈர்ப்பு விசை கிடையாதே என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். நன்றாகப் படித்தவர்களும் இதையே சொல்கிறார்கள். இந்தப் பதில் முழுக்கத் தவறு, அதை ஒரு சின்னக் கணக்கே காட்டிக்கொடுத்துவிடும்.

ஈர்ப்பு விசை தூரத்தின் இருமடிக்கு ஏற்பக் குறைகிறது என்பது நியூட்டனின் விதி. ஆனால் அந்தத் தூரத்தைத் தரையிலிருந்து அளக்கக் கூடாது, பூமியின் மையத்திலிருந்து அளக்க வேண்டும். நாம் நிற்கிற தரையே மையத்திலிருந்து 6,371 கிலோமீட்டர் தள்ளித்தான் இருக்கிறது. விண்வெளி நிலையம் அதற்கு மேல் சுமார் 400 கிலோமீட்டர், ஆக மொத்தம் 6,771. கணக்குப் போட்டால் அங்கே ஈர்ப்பு தரையில் இருப்பதில் சுமார் 88 சதவீதம் வருகிறது. தரையில் விழும் பொருளின் வேகம் ஒவ்வொரு வினாடியும் வினாடிக்கு 9.8 மீட்டர் கூடும் என்றால், அங்கே 8.7 மீட்டர் கூடும். அவ்வளவுதான் வித்தியாசம். 400 கிலோமீட்டர் உயரத்துக்கு ஒரு கோபுரம் கட்டி, 60 கிலோ எடையுள்ள ஒருவரை அதன் உச்சியில் எடை பார்க்கும் இயந்திரத்தின் மேல் நிற்க வைத்தால் அது 53 கிலோ காட்டும். அவர் மிதக்க மாட்டார், சாதாரணமாக நின்றுகொண்டிருப்பார். அதே உயரத்தில், அவருக்குப் பக்கத்திலேயே கடந்து போகிற விண்வெளி நிலையத்துக்குள் இருப்பவர்கள் மட்டும் மிதப்பார்கள்.

இன்னொன்றையும் யோசிக்கலாம். அங்கே ஈர்ப்பு உண்மையிலேயே இல்லையென்றால், வினாடிக்கு 7.6 கிலோமீட்டருக்கும் மேல் வேகத்தில் போகிற நிலையம் பூமியை ஏன் சுற்ற வேண்டும்? நேர்கோட்டில் போய்க் காணாமல் போயிருக்கும். அதைத் திரும்பத் திரும்ப வளைத்துப் பூமியைச் சுற்ற வைப்பது ஈர்ப்புதான்.

அப்படியானால் இல்லாமல் போனது எது?

இதற்குப் பதில் விண்வெளியில் இல்லை, இப்போது நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் இருக்கிறது. உடம்பு கனமாக இருப்பதை நீங்கள் எங்கே உணர்கிறீர்கள்? நாற்காலி தொடையை அழுத்துகிறது, தரை பாதத்தை அழுத்துகிறது, தோள் கையைத் தாங்குகிறது. இவை எல்லாமே ஒன்றை ஒன்று தொட்டுத் தள்ளுகிற விசைகள். பூமி இழுக்கிற இழுப்பை மட்டும் தனியாக உணர்வதற்கு உடம்பில் எந்த உறுப்பும் கிடையாது, இருக்கவும் முடியாது, ஏனென்றால் அது உடம்பின் ஒவ்வொரு அணுவையும் ஒரே மாதிரி இழுக்கிறது. எல்லா அணுவும் ஒரே முடுக்கத்தோடு, அதாவது ஒரே வீதத்தில் வேகம் கூடி, நகர்ந்தால் ஒன்று இன்னொன்றை நெருக்குவதும் இல்லை, விட்டு விலகுவதும் இல்லை, எனவே உணர்வதற்கு அங்கே எதுவும் நடக்கவில்லை. தரை குறுக்கே வந்து நிறுத்தும்போதுதான் கதை மாறுகிறது. தரை தள்ளுவது பாதத்தை மட்டும்தான். பாதம் கணுக்காலைத் தள்ள, கணுக்கால் முழங்காலைத் தள்ள, அப்படியே கழுத்து தலையைத் தள்ளுவது வரை போகிறது. பாதம் உடம்பு முழுவதையும் தாங்குகிறது, கழுத்து தலையை மட்டும் தாங்குகிறது. கீழே போகப் போகக் கூடிக்கொண்டே போகும் இந்த நெருக்கத்தைத்தான் நாம் எடை என்று உணர்கிறோம்.

எடை பார்க்கும் இயந்திரம் காட்டுவதும் இதைத்தான். உள்ளே இருக்கிற சுருள்வில்லோ உணரியோ, தன்மேல் எவ்வளவு அழுத்தம் விழுகிறது என்பதை மட்டுமே அறியும், பூமி உங்களை எவ்வளவு இழுக்கிறது என்பது அதற்குத் தெரியாது. லிஃப்டில் அதை வைத்து ஏறி நின்றால் இது தெளிவாகத் தெரியும். நிற்கும் லிஃப்டில் 60 காட்டுகிற இயந்திரம், லிஃப்ட் மேல்நோக்கி ஒவ்வொரு வினாடியும் வினாடிக்கு 1 மீட்டர் வீதம் வேகம் கூட்டும்போது 66 காட்டும், கீழ்நோக்கி அதே மாதிரி வேகம் கூட்டும்போது 54 காட்டும். நடுவில் சீரான வேகத்தில் போகும்போது மறுபடி 60. பூமியின் இழுப்பு இந்த நேரம் முழுக்க மாறவே இல்லை. இப்போது கயிறு அறுந்து, பாதுகாப்பு பிரேக் எதுவும் பிடிக்காமல் லிஃப்ட் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். நீங்களும் இயந்திரமும் லிஃப்டும் ஒரே வேகத்தில் விழுகிறீர்கள். அழுத்த வேண்டுமென்றால் கால் இயந்திரத்தைவிட வேகமாகக் கீழே போக முயல வேண்டும், அது நடக்கவில்லை, எனவே இயந்திரம் பூஜ்யம் காட்டும். அந்த நிமிடத்தில் கையிலிருந்து பேனாவை விட்டால் அது உங்கள் முகத்துக்கு எதிரே அப்படியே நிற்கும். விண்வெளி வீரரின் வீடியோவில் பார்த்த அதே காட்சி, விண்வெளிக்குப் போகாமலே.

காற்றோ கயிறோ தரையோ எதுவும் தள்ளாமல், ஈர்ப்பு மட்டும் இழுக்க, ஒரு பொருள் நகர்வதைத் தடையற்ற வீழ்ச்சி என்கிறோம். எடையின்மை என்பது இதற்குள் இருப்பவர் உணர்வது. உயரமோ வெற்றிடமோ இதற்கு அவசியமில்லை.

செய்து பார்க்கவும் முடியும். ஒரு பிளாஸ்டிக் பாட்டிலின் பக்கத்தில், அடிக்குக் கொஞ்சம் மேலே ஒரு ஓட்டை போட்டு, தண்ணீர் நிரப்பி, மூடியைத் திறந்தே வைத்தால் ஓட்டை வழியாகத் தண்ணீர் பீய்ச்சும். மேலே இருக்கிற தண்ணீர் கீழே இருக்கிற தண்ணீரை அழுத்துவதால்தான் அது வருகிறது. அந்தப் பாட்டிலைக் கையிலிருந்து விட்டுவிடுங்கள், விழுகிற நேரம் முழுக்க ஒழுகுவது நின்றுவிடும். மேல் தண்ணீருக்குக் கீழ் தண்ணீரின் மேல் எடை இல்லை, அதனால் அழுத்தமும் இல்லை. செல்போனிலும் பார்க்கலாம். உள்ளே முடுக்கமானி என்ற உணரி இருக்கிறது, அதன் அளவைக் காட்டும் செயலிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. மேசைமேல் அசையாமல் கிடக்கும் போன் 9.8 காட்டும், மெத்தைமேல் விழும்படி அதைப் போட்டால் விழுகிற அந்தக் கணத்தில் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வரும். இது எனக்கு மிகவும் பிடித்த சோதனை, ஏனென்றால் நம் உள்ளுணர்வுக்கு நேர் எதிராக இருக்கிறது. அசையாமல் கிடக்கும்போது முடுக்கம் காட்டுகிறது, வேகம் கூடிக்கொண்டே விழும்போது ஒன்றுமில்லை என்கிறது. மேசை தள்ளுவதைத்தான் அது அளக்கிறது, ஈர்ப்பு அதன் கண்ணில் படுவதே இல்லை.

எல்லாம் ஒரே மாதிரி விழும் என்பதை இங்கே சும்மா எடுத்துக்கொண்டேன், ஆனால் இந்த விஷயம் முழுக்க அதன்மேல்தான் நிற்கிறது. இரண்டு மடங்கு நிறையுள்ள, அதாவது உள்ளே இரண்டு மடங்கு பருப்பொருள் அடங்கிய பொருளைப் பூமி இரண்டு மடங்கு பலமாக இழுக்கிறது, சரி, ஆனால் அதை அசைப்பதும் இரண்டு மடங்கு கடினம், இரண்டும் சரியாக ஈடாகி முடுக்கம் ஒன்றாகவே வருகிறது. 1971இல் அப்பல்லோ 15 பயணத்தின்போது விண்வெளி வீரர் டேவிட் ஸ்காட் நிலவில் நின்று ஒரு கையால் சுத்தியலையும் இன்னொரு கையால் வல்லூறின் இறகையும் ஒரே நேரத்தில் விட்டார், காற்றில்லாத இடத்தில் இரண்டும் சேர்ந்தே தரையைத் தொட்டன. அதைவிடப் பல மடங்கு நுட்பமாக, 2016இல் ஏவப்பட்ட மைக்ரோஸ்கோப் என்ற பிரெஞ்சு செயற்கைக்கோள், டைட்டானியமும் பிளாட்டினமும் விழுவதைச் சுற்றுப்பாதையில் ஒப்பிட்டுப் பார்த்தது. 2022இல் வந்த இறுதி முடிவின்படி, பத்துக் கோடிக் கோடியில் சில பங்கு அளவுக்கு நுணுகிப் பார்த்தும் வித்தியாசம் தெரியவில்லை. இது மட்டும் கொஞ்சம் பிசகியிருந்தால் விழுகிற லிஃப்டுக்குள் பேனா ஒரு பக்கமும் நீங்கள் ஒரு பக்கமும் விலகிப் போயிருப்பீர்கள், எடையின்மை என்ற ஒன்றே இருந்திருக்காது.

1907இல் பெர்ன் நகரக் காப்புரிமை அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஐன்ஸ்டைனுக்கு இந்த யோசனைதான் வந்தது: கூரையிலிருந்து விழுகிற ஒருவர், விழும் நேரத்தில் தன் எடையை உணர மாட்டார். தன் வாழ்க்கையிலேயே மிக மகிழ்ச்சியான எண்ணம் அது என்று பின்னாளில் அவர் குறிப்பிட்டார். அதிலிருந்து 8 ஆண்டுகளில், 1915இல், ஈர்ப்பை விளக்கும் அவரது பொதுச் சார்பியல் கோட்பாடு முழு வடிவம் பெற்றது. அந்தக் கோட்பாட்டின் பார்வையில் விழுகிறவர்மேல் எந்த விசையும் இல்லை, காலமும் இடமும் ஒன்றாகச் சேர்ந்த வளைந்த காலவெளியில் தன் இயல்பான பாதையில் அவர் போகிறார், தரையில் நிற்கிற நாம்தான் இடைவிடாமல் மேல்நோக்கித் தள்ளப்படுகிறோம். போனில் இருக்கிற முடுக்கமானி சொல்வதும் சொல்லுக்குச் சொல் இதேதான்.

சரி, லிஃப்ட் சில வினாடிகளில் தரையில் மோதிவிடும். விண்வெளி நிலையமோ 1998இலிருந்து மேலே இருக்கிறது. இவ்வளவு காலம் விழுந்துகொண்டே இருப்பது எப்படி?

நியூட்டன் இதற்கு ஒரு மலையையும் பீரங்கியையும் கற்பனை செய்தார். மிக உயரமான மலை உச்சியிலிருந்து குண்டைக் கிடைமட்டமாகச் சுட்டால் அது கொஞ்ச தூரம் போய் விழும். வேகத்தைக் கூட்டினால் இன்னும் தள்ளி விழும். எவ்வளவு வேகமாகப் போனாலும் முதல் வினாடியில் அது கீழிறங்குவது ஏறக்குறைய 4.9 மீட்டர்தான், கிடைமட்ட வேகம் அதை மாற்றாது. ஆனால் பூமி தட்டை இல்லையே. 7.9 கிலோமீட்டர் தள்ளிப் போனால் பூமியின் மேற்பரப்பும் வளைந்து 4.9 மீட்டர் கீழே போயிருக்கும். ஆக, குண்டு வினாடிக்கு 7.9 கிலோமீட்டர் வேகத்தில் போனால், அது எவ்வளவு விழுகிறதோ அவ்வளவு தரையும் விலகிப் போகிறது. விழுந்துகொண்டே இருக்கும், தரை கிட்டவே வராது. காற்று மட்டும் குறுக்கே இல்லாவிட்டால் தரையை ஒட்டியே ஒரு செயற்கைக்கோளைச் சுற்றவிடலாம். அவ்வளவு உயரத்துக்கு ஏற்றுவதற்கு முக்கியக் காரணம் காற்றைத் தாண்டுவதுதான், ஈர்ப்பைத் தாண்டுவது அல்ல. ராக்கெட் தன் எரிபொருளில் பெரும்பங்கைச் செலவழிப்பது பக்கவாட்டு வேகத்தை எட்டுவதற்காக. 400 கிலோமீட்டரிலும் மிச்சம் மீதிக் காற்று இருப்பதால் நிலையம் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்துகொண்டே வருகிறது, அவ்வப்போது எஞ்சினை இயக்கித் தூக்கிவிட வேண்டியிருக்கிறது.

நிலவும் இப்படித்தான் விழுகிறது. பூமியின் மையத்திலிருந்து அது தரையைவிட ஏறக்குறைய 60 மடங்கு தூரத்தில் இருக்கிறது, எனவே ஈர்ப்பு 3,600இல் ஒரு பங்கு. 4.9 மீட்டரை 3,600ஆல் வகுத்தால் சுமார் 1.4 மில்லிமீட்டர் வரும், நிலவு ஒவ்வொரு வினாடியும் நேர்கோட்டிலிருந்து பூமியை நோக்கி விழுகிற அளவும் அதேதான். மரத்திலிருந்து விழுகிற பழமும் வானத்தில் போகிற நிலவும் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டவை என்பதற்கு இவ்வளவு எளிமையான சான்று வேறு இல்லை என்பேன்.

விழுவது என்றாலே கீழ்நோக்கிப் போவது என்று மனசு பிடித்துவைத்திருப்பது அடுத்த குழப்பம். மேலே எறிந்த பந்து கையை விட்ட நொடியிலிருந்தே தடையற்ற வீழ்ச்சியில்தான் இருக்கிறது, மேலே ஏறுகிற நேரமும் அதில் சேர்த்தி. சுற்றுலாப் பயணிகளை 100 கிலோமீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோய்த் திரும்பிய நியூ ஷெப்பர்டு ராக்கெட்டில் எடையின்மை சில நிமிடங்கள் கிடைத்தது. அங்கே ஈர்ப்பு தரையில் இருப்பதில் 97 சதவீதம். எஞ்சின் நின்று, காற்றும் பெயரளவுக்கு ஆனதும், கலம் இன்னும் மேல்நோக்கி ஏறிக்கொண்டிருக்கும்போதே மிதப்பது தொடங்கிவிட்டது. பயிற்சி விமானங்களிலும் அப்படித்தான். ஐரோப்பியர்கள் பயன்படுத்தும் ஏர்பஸ் ஏ310 விமானம் சுமார் 50 டிகிரி சாய்வில் ஏறி, எஞ்சின் விசையைக் காற்றுத் தடைக்கு ஈடாகும் அளவுக்கு மட்டும் குறைத்து, எறிந்த பந்தின் பாதையில் சுமார் 22 வினாடி போகிறது, உள்ளே இருப்பவர்கள் மிதக்கிறார்கள். அந்த 22 வினாடியில் முதல் பாதி விமானம் ஏறுமுகம்தான். அதற்கு முன்னும் பின்னும் சுமார் 20 வினாடி வீதம் எடை 1.8 மடங்காகக் கூடும், வயிறு கலங்குவது இந்த மாற்றத்தால்தான்.

இதற்கு நேர்மாறான உதாரணம் விமானத்திலிருந்து குதிப்பவர். அவர் விழுகிறாரே, எடையில்லாமல் இருப்பாரா? முதல் ஒன்றிரண்டு வினாடி கிட்டத்தட்ட அப்படித்தான். அப்புறம் வேகம் கூடக் கூடக் காற்று எதிர்த்துத் தள்ளுகிறது, மணிக்கு 200 கிலோமீட்டர் அளவில் அந்தத் தள்ளல் முழு எடைக்குச் சமமாகிவிடுகிறது, வேகம் அதற்குமேல் ஏறுவதில்லை. அந்த நிலையில் அவர் காற்றின்மேல் படுத்திருக்கிறார் என்பதே சரி. முடுக்கமானி வைத்தால் தரையில் காட்டும் அதே 9.8ஐக் காட்டும்.

எடை போனாலும் நிறை போவதில்லை, இதை வீரர்கள் நன்றாக உணர்கிறார்கள். டன் கணக்கில் நிறையுள்ள ஒரு பெட்டியை விரலால் தள்ளி நகர்த்த முடியும், ஆனால் மிக மெதுவாகத்தான் நகரத் தொடங்கும், ஒருமுறை நகர்ந்துவிட்டால் நிறுத்துவதும் அதே அளவு கடினம், சுவருக்கும் அதற்கும் நடுவில் கை மாட்டினால் நசுங்கும். உடல் நிறையைப் பார்க்கச் சாதாரண இயந்திரம் பயன்படாது என்பதால் சுருள்வில்லோடு இணைத்த கருவியில் உடம்பைப் பொருத்தி ஆடவிடுகிறார்கள். நிறை அதிகமானால் ஆட்டம் மெதுவாகும், அந்தக் கால அளவிலிருந்து நிறையைக் கணக்கிடுகிறார்கள். 2008இல் விண்வெளி நடையின்போது ஒரு வீராங்கனையின் கருவிப்பை கைநழுவிப் போனது. அது கீழே விழவில்லை, ஏற்கனவே நிலையத்தின் வேகத்திலேயே போய்க்கொண்டிருந்ததால் தானே ஒரு துணைக்கோளாகிப் பூமியைச் சுற்றியது, காற்றின் உரசலில் மெல்லத் தாழ்ந்து 2009இல்தான் வளிமண்டலத்தில் எரிந்தது.

தரை தள்ளாத இடத்தில் எவையெல்லாம் மாறுகின்றன என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். சூடான காற்று மேலே எழுவது, கனமான குளிர்காற்று கீழிறங்கி அதைத் தள்ளுவதால்தான். எடையே இல்லாத இடத்தில் அது நடக்காது. மெழுகுவத்திச் சுடர் நீண்டு எழாமல் நீல நிறத்தில் உருண்டையாக எரியும். தூங்குகிற வீரர் வெளிவிடும் மூச்சு அவர் முகத்தைச் சுற்றியே தேங்கி நிற்கும், அதனால் தூங்கும் அறைகளில் காற்றை நகர்த்தும் விசிறி கட்டாயம். உடம்பில் கால்பக்கம் தேங்கியிருந்த ரத்தமும் நீரும் மார்புக்கும் தலைக்கும் ஏறி, முகம் உப்பி, கால் மெலிகிறது. முதுகெலும்பின் வட்டுகள்மேல் சுமை இல்லாததால் சிலர் சில சென்டிமீட்டர் உயரம் கூடுகிறார்கள். உள்காதில் மேல் கீழ் எது என்று சொல்லும் நுண்கற்கள் அழுத்தம் இல்லாமல் குழம்புவதால் முதல் சில நாள்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குக் குமட்டல் வருகிறது. இவை சரியாகிவிடும். எலும்பு அப்படியில்லை. சுமையைத் தாங்கும் வேலை இல்லையென்றால் உடம்பு எலும்பைக் கரைக்கத் தொடங்குகிறது, இடுப்பு எலும்பு போன்ற இடங்களில் மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் அடர்த்தி குறையும் என்று அளந்திருக்கிறார்கள். அதனால்தான் நாளுக்கு 2 மணி நேரம் அளவுக்குக் கட்டாய உடற்பயிற்சி, ஓடும் கருவியில் ரப்பர் பட்டைகளால் உடம்பைக் கீழ்நோக்கி இழுத்துக் கட்டிக்கொண்டு ஓடுகிறார்கள். அந்தப் பட்டைகள் செய்வது, காலுக்கும் ஓடும் தளத்துக்கும் நடுவில் அந்த அழுத்தத்தைத் திரும்பக் கொண்டுவருவது.

நிலையத்துக்குள் எடை முழுதாகப் பூஜ்யம் என்றும் சொல்ல முடியாது. நிலையத்தின் நிறைமையம்தான் சரியாகத் தடையற்ற வீழ்ச்சியில் இருக்கிறது. அதைவிட ஒரு மீட்டர் பூமிக்குப் பக்கத்தில் இருக்கும் பொருளைப் பூமி இம்மியளவு கூடுதலாக இழுக்கிறது, சுற்றுவதற்குத் தேவையான இழுப்பும் அங்கே இம்மியளவு குறைவு, இரண்டும் சேர்ந்து அந்தப் பொருளை மெல்ல விலகச் செய்கின்றன. தரையில் உள்ள ஈர்ப்போடு ஒப்பிட்டால் அது கோடியில் நான்கு பங்கு. சின்ன எண்தான், ஆனால் தடையற்ற வீழ்ச்சியால் மறைக்க முடியாத ஈர்ப்பு என்று ஏதாவது உண்டென்றால் அது இந்த வேறுபாடு மட்டுமே. பூமியும் சூரியனை நோக்கி விழுந்துகொண்டே இருப்பதால்தான் சூரியனின் இழுப்பை நாம் உணர்வதில்லை, பூமியின் ஒரு பக்கத்துக்கும் மறுபக்கத்துக்கும் உள்ள இழுப்பு வித்தியாசம் மட்டும் கடலில் ஓதமாக, அதாவது கடல்மட்டம் ஏறி இறங்குவதாக, தெரிகிறது. நிலவின் ஓதமும் அதே வகைதான், பக்கத்தில் இருப்பதால் அது இன்னும் பெரிது.

வீரர்களுக்குத் தரையைத் திரும்பக் கொடுக்கவும் வழி இருக்கிறது. கலத்தைச் சுழற்றினால் அதன் வெளிச்சுவர் உள்ளே இருப்பவரை இடைவிடாமல் மையத்தை நோக்கித் தள்ளும், அந்தத் தள்ளலுக்கும் தரை தருகிற தள்ளலுக்கும் எலும்பால் வித்தியாசம் காண முடியாது. 1966இல் ஜெமினி 11 கலத்தை ஒரு ராக்கெட்டோடு 30 மீட்டர் நாடாவால் இணைத்து மெதுவாகச் சுழற்றிப் பார்த்தார்கள், மிகச் சிறிய அளவில் எடை வந்தது, கலத்துக்குள் விட்ட பொருள் ஒரு பக்கமாக நகர்ந்தது. முழு எடை வேண்டுமென்றால் சிக்கல் அளவில் வருகிறது. வேகமாகச் சுழன்றால் தலை சுற்றும், தலைக்கும் காலுக்கும் எடை மாறுபடும். நிமிடத்துக்கு 2 சுற்று என்று மெதுவாக வைத்துக்கொண்டால் ஆரம் 224 மீட்டர் வேண்டும், அதாவது குறுக்களவில் கிட்டத்தட்ட அரைக் கிலோமீட்டர் உள்ள ஒரு சக்கரம். விண்வெளி நிலையத்தின் மிக நீண்ட பக்கமே 109 மீட்டர்தான். எலிகளை வைத்துச் சுழற்றும் சிறிய கருவிகள் நிலையத்தில் இருக்கின்றன, மனிதர்கள் வாழும் அளவுக்குச் சுழலும் கலம் எதையும் இதுவரை யாரும் கட்டவில்லை.